கூடு காலியானால் யார் மேல் கோபப்படுவது?

குளிர் விலகத் தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களில் வாத்துக் கூடு பற்றியவை பெருகிவிடும். இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாகத்தான் இருக்கும். எழுதியவர் நொந்துபோய் எழுதியிருக்கிறார், சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: பக்கத்துக் குளத்தில், நாணல் ஓரமாக, ஒரு கனடா வாத்து ஜோடி கூடு கட்டியது. ஐந்து முட்டை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். மூன்று வாரத்துக்கு மேல் அடைகாத்திருக்கும். ஒரு நாள் காலையில் போனால் கூடு காலி. ஓடு கூட இல்லை. இரண்டு பறவைகளும் ஒன்றும் நடக்காத மாதிரி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. சுற்றி ஒரு வேலியாவது போட்டிருக்கலாமோ என்று மனசு ஆறவே இல்லை. யார் செய்த வேலை இது டீச்சர்? தடுத்திருக்க முடியுமா?

‘ஓடு கூட இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், துப்பு அதில்தான் இருக்கிறது. குஞ்சு பொரித்திருந்தால் கூட்டில் ஓட்டுத் துண்டுகள் கிடக்கும். ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த சவ்வு காய்ந்து, மெல்லிய தோல் மாதிரி தனியாக உரிந்து வந்திருக்கும். தாய் மிதித்து மிதித்து அவை இறகுப் பஞ்சுக்கு அடியில் புதைந்திருப்பதும் உண்டு, விரலால் விலக்கினால்தான் தெரியும். காகம் வந்திருந்தால் குத்திய ஓட்டை இருக்கும், மஞ்சள்கரு வழிந்து காய்ந்திருக்கும். ரக்கூன் என்ற வட அமெரிக்கப் பாலூட்டி பெரும்பாலும் கூட்டிலோ பக்கத்திலோ வைத்தே உடைத்துத் தின்றுவிடும், அந்தச் சிதறல் கிடக்கும். ஐந்தும் சுத்தமாகக் காணவில்லை என்றால் நான் முதலில் செந்நரியைத்தான் சந்தேகிப்பேன். அது முட்டையை உடைக்காமல் வாயில் கவ்விக்கொண்டு போகும். ஒன்றைத் தூரத்தில் மண்ணில் புதைத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பி வரும். ஓர் இரவு தாராளமாகப் போதும்.

மூன்று வாரம் தாண்டியிருந்தால் உள்ளே குஞ்சு ஏறக்குறைய முழு உருவம் எடுத்திருக்கும். இதை எழுதாமல் விட்டால் உங்கள் மனம் கொஞ்சம் லேசாகும், தெரியும். ஆனால் நீங்கள் அந்தக் கூட்டை அத்தனை நாள் பார்த்தவர். உங்களிடம் மறைப்பது சரியில்லை.

அந்தப் பெட்டை அதற்குள் எவ்வளவு செலவழித்திருக்கிறது என்றும் பாருங்கள். கனடா வாத்து தினம் ஒரு முட்டை இடுவதில்லை, ஏறக்குறைய ஒன்றரை நாளுக்கு ஒன்று. ஐந்து முட்டைக்கு ஒரு வாரம் ஆகிவிடும். தன் மார்பிலிருந்தும் வயிற்றிலிருந்தும் பஞ்சு இறகைத் தானே பிடுங்கிக் கூட்டில் மெத்தை போடும். இறகு போன இடத்தில் வெறும் தோல் முட்டையைத் தொடும், உடம்புச் சூடு நேராக இறங்கும். கடைசி முட்டை வந்த பிறகுதான் முழு நேர அடை. 25 முதல் 28 நாள். இதில் ஆண் பங்கெடுப்பதில்லை, பெட்டை மட்டும்தான். பகலில் எப்போதாவது எழுந்து, முட்டைகளைப் பஞ்சால் மூடிவிட்டு, தண்ணீர் குடித்து, அவசரமாக நாலு வாய் புல் மேய்ந்துவிட்டுத் திரும்பும். உடல் எடையில் கால் பங்கு வரை கரைந்துபோகும். ஆர்க்டிக்கில் கூடு கட்டும் பனி வாத்துகளில், உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு போதாத சில பெட்டைகள் அடைகாக்கும்போதே பட்டினியால் செத்துப்போனதை 1970களில் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு ஓர் இரவில் எல்லாம் போய்விட்டது. ‘ஒன்றும் நடக்காத மாதிரி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூட்டை இழந்த பெட்டை திரும்பத் திரும்ப அந்த வெறும் பஞ்சுக்கு வந்து, அலகால் கிளறிப் பார்த்து, அதன் மேலேயே உட்காருவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதன் மனதுக்குள் என்ன என்று சொல்ல என்னால் ஆகாது. ஒன்றும் இல்லை என்று சொல்லவும் ஆகாது.

வேலி விஷயத்துக்கு வருகிறேன். போடாதது நல்லது. பொரித்த மறுநாளே குஞ்சுகள் நடந்து தண்ணீருக்கு இறங்கியாக வேண்டும், வேலி அந்த வழியை அடைக்கும். கட்டுவதற்காக நீங்கள் நாலு தடவை போய் வந்தால் நாணலில் தடம் விழும், நரி அந்தத் தடத்திலேயே வரும். நீங்கள் நெருங்கியதும் பெட்டை பதறி எழுந்தால் முட்டையை மூடிவிட்டுப் போக அதற்கு நேரமிருக்காது. மேலே மரத்தில் இருக்கும் காகம் அதற்காகத்தான் காத்திருக்கும். இன்னொன்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தப் பறவையின் கூட்டிலும் முட்டையிலும் அனுமதி இல்லாமல் கை வைப்பது குற்றம். கனடாவில் 1917லிருந்தும் அமெரிக்காவில் 1918லிருந்தும் வலசைப் பறவைகளுக்கான சட்டம் இருக்கிறது.

நரி மேல் கோபமா? அந்த மாதங்களில் நரியின் வளையில் குட்டிகள் இருக்கும். உங்கள் வாத்து அடைகாத்த அதே நாட்களில், பால்குடி மறக்காத குட்டிகளை வளையில் விட்டுவிட்டு ஒரு தாய் நரி இரவெல்லாம் அலைந்திருக்கும். வளையை யாரும் தினமும் நின்று பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் உங்கள் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

‘இயற்கையின் சமநிலை’ என்று சொல்லி உங்களைத் தேற்ற நான் வரவில்லை. அந்தச் சொற்றொடரை இழவு வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், கூட்டுக்கும் அது பொருந்தாது. கணக்கு என்று ஒன்று இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன். கனடா வாத்து இரண்டு, மூன்று வயதில் இனப்பெருக்கத்தைத் தொடங்கும். விபத்தில்லாமல் போனால் பத்து, இருபது வருடம் வாழும். அந்த ஆயுள் முழுக்க ஒரு ஜோடிக்குப் பிறக்கும் குஞ்சுகளில் இரண்டு வளர்ந்து, இணை சேர்ந்து, கூடு கட்டினால் போதும், இனத்தின் எண்ணிக்கை குறையாது. மீதி எல்லாம் போகத்தான் போகும். ஐந்து ஐந்தாக முட்டை இடுவதே அதனால்தான். இழப்பையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. ஆனால் உங்கள் கூட்டிலிருந்த அந்தக் குறிப்பிட்ட ஐந்துக்கு இந்தக் கணக்கு ஒன்றும் செய்யாது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்வது கஷ்டம்தான். பறவை பார்ப்பவர்கள் அதைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோபப்பட்டே ஆக வேண்டும் என்றால் இதற்குப் படுங்கள். கனடா வாத்துகளிலேயே பெரிய உடம்புக்காரன் ஒரு வகை உண்டு. நரியும் ரக்கூனும் காலம் காலமாக அதன் முட்டையைத் தின்றன, இனம் அசையவில்லை. அளவில்லாத வேட்டையும், முட்டை சேகரிப்பும், சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கியதும் சேர்ந்துதான் அதை ஒழித்தன. இல்லாமலே போய்விட்டது என்று பறவை அறிஞர்கள் எழுதியும் வைத்துவிட்டார்கள். 1962ல் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரத்து ஏரியில் ஒரு கூட்டத்தைப் பார்த்து, எடை போட்டு அளந்த பிறகுதான் அது மிஞ்சியிருப்பது தெரிந்தது. நரிக்கு வயிறு நிறைந்தால் போதும். நமக்குப் போதும் என்ற இடமே தெரியவில்லை.

கேள்வி: நான் பார்த்த கூட்டில் ஆறில் ஐந்து பொரித்தது. மறுநாள் தாய் ஐந்தையும் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டது. ஆறாவது முட்டை அப்படியே கிடந்தது. மாலை வரை பார்த்தேன், திரும்பி வரவே இல்லை. பெற்ற தாய்க்கு எப்படி மனம் வந்தது? அதை எடுத்துவந்து விளக்குச் சூட்டில் வைத்திருந்தால் பிழைத்திருக்குமா?

பார்க்கவே கஷ்டமான இடம் இதுதான், நரி வந்து போனதை விடவும். நரியைத் திட்டலாம், இங்கே திட்ட யாரும் இல்லை.

பொரிப்பதற்கு முந்தின நாள், இரண்டு நாளிலேயே முட்டைக்குள்ளிருந்து சத்தம் வரும். மெல்லிய கீச்சு. தாய் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். குஞ்சின் மேல் அலகு நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன முள் இருக்கும். அதை வைத்து உள்ளிருந்து குத்திக் குத்தி முதலில் ஒரு நட்சத்திரக் கீறல் விடும். அப்புறம் ஓய்வு, நீண்ட ஓய்வு. பிறகு மறுபடி. ஓட்டின் பெரிய முனையைச் சுற்றி உடைத்துக்கொண்டு வெளியே வர ஒரு நாள், சில நேரம் அதற்கு மேலும் ஆகிவிடும். வெளியே விழும்போது நனைந்த கந்தல் மாதிரி இருக்கும், தலை நிற்காது. தாயின் வயிற்றுக்கடியில் சில மணி நேரம் கிடந்தால் உலர்ந்து மஞ்சள் பஞ்சாகிவிடும். கடைசி முட்டைக்குப் பிறகே அடை தொடங்குவதால் எல்லாமே ஏறக்குறைய ஒரே நாளில் வரும்.

இப்போது தாய்க்கு ஒரு நெருக்கடி. வாத்து தன் குஞ்சுக்கு இரை கொண்டுவந்து ஊட்டாது. குஞ்சே நடந்து போய் புல்லைக் கொத்த வேண்டும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். கூட்டில் ஓட்டு வாசனை, ஈரம், இரைச்சல். இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. கிழக்கு கிரீன்லாந்தில் பார்னகிள் வாத்துகள் நரிக்குப் பயந்து செங்குத்துப் பாறை உச்சியில் கூடு கட்டும். புல் இருப்பதோ கீழே. பறக்கத் தெரியாத, பிறந்து ஓரிரு நாளான குஞ்சுகள் நூறு மீட்டருக்கும் மேலிருந்து குதிக்கும். பாறையில் மோதிச் சில சாகும். பஞ்சு உடம்பு என்பதால் பிழைப்பதும் உண்டு. தங்கினால் எல்லாமே பட்டினியில் போகும்.

உங்கள் ஆறாவது முட்டை ஒருவேளை கூமுட்டையாக இருந்திருக்கலாம், கருவே சேர்ந்திருக்காது. அல்லது குஞ்சு உள்ளேயே செத்திருக்கலாம். பிந்தி வளர்ந்த குஞ்சாகவும் இருந்திருக்கலாம். மூன்றாவது என்றால் தாய் விட்டுப்போனது உயிருள்ள ஒன்றை. அப்படியும் நடக்கிறது. ஆனால் அலட்சியத்தால் இல்லை. 1938ல் விலங்கு நடத்தை ஆய்வாளர்களான கொன்ராட் லாரன்ஸும் நிக்கோ டின்பெர்கனும் சாம்பல் வாத்துகளை வைத்து எழுதிய ஆய்வு இருக்கிறது. முட்டை கூட்டுக்கு வெளியே கொஞ்சம் உருண்டுவிட்டால், தாய் கழுத்தை நீட்டி, அலகின் அடிப்பக்கத்தால் அதை மெதுவாக உருட்டி உள்ளே கொண்டுவரும். நடுவில் முட்டையை எடுத்துவிட்டாலும் வெறும் அலகை வயிறு வரை இழுத்து அந்த அசைவை முடித்துவிட்டுத்தான் நிறுத்தும். அவ்வளவு ஆழமாகப் பதிந்த அக்கறை. அதே தாய் எழுந்து போகிறது என்றால், தண்ணீரோரம் ஐந்து குரல் கேட்கிறது, கூட்டில் ஒன்றும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

விளக்குச் சூடு வேண்டாம். பிழைத்திருந்தால் அது உங்களைத்தான் தாயாக நினைத்துப் பின்னாலேயே வந்திருக்கும். வாத்தாக வாழத் தெரியாத ஒரு வாத்தை வளர்த்து என்ன செய்வது? முட்டை விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று மேலே எழுதிவிட்டேன். உயிரோடு, அடிபட்டோ தனித்தோ கிடக்கும் குஞ்சு என்றால் அது வேறு விஷயம். முதலில் தள்ளி நின்று குடும்பம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் உரிமம் பெற்ற காட்டுயிர் மீட்பாளரைக் கூப்பிடுங்கள். நீங்களாக வேறு குடும்பத்தோடு விடாதீர்கள். சில ஜோடிகள் ஏற்றுக்கொள்ளும், சில கொத்தி விரட்டும்.

கேள்வி: குளத்தில் நீந்திக்கொண்டிருந்த குஞ்சு ஒன்றை ஆமை கீழிருந்து இழுத்துக்கொண்டு போனதை என் ஏழு வயது மகள் பார்த்துவிட்டாள். ‘தூங்கப் போயிருக்கும்’ என்று சொல்லிச் சமாளித்தேன். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இன்னும் கேட்கிறாள் என்றால் உங்கள் பதிலை நம்பவில்லை என்று பொருள். அவள் கண் முன்னால் நடந்தது அது. ஆமைக்குப் பசி, குஞ்சைப் பிடித்துத் தின்றது, குஞ்சு செத்துவிட்டது, வேகமாக முடிந்துவிட்டது, உனக்கு அழுகை வருவது சரிதான், எனக்கும் வந்தது. இதை இதே வரிசையில் சொல்லுங்கள். நல்ல ஆமை, கெட்ட ஆமை என்ற கதையெல்லாம் சேர்க்காதீர்கள்.

அப்புறம் மறுபடி குளத்துக்குக் கூட்டிப் போங்கள், இதுதான் முக்கியம். போகாமல் விட்டால் அந்த ஒரு காட்சியோடு குளம் அவள் மனதில் நின்றுவிடும். போனால் மீதிக் குஞ்சுகள் வாரத்துக்கு வாரம் பெரிதாவதைப் பார்ப்பாள். மஞ்சள் பஞ்சு மங்கிச் சாம்பலாகி, கழுத்து நீண்டு, ஏழெட்டு வாரத்தில் கன்னத்து வெள்ளைப் பட்டை தெளிந்து, பறக்கத் தயாராகிவிடும். ஆமையின் வாய்க்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று ஒரு நாள் அவளே உங்களிடம் சொல்லுவாள்.

கேள்வி: ஆண் வாத்து கூட்டுப் பக்கமே உட்காருவதில்லை. தூரத்தில் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்ன துணை இது?

தூரத்தில் நிற்பதே அதன் வேலை. கூட்டுக்குப் பக்கத்திலேயே நின்றால் கூடு எங்கே என்று எல்லோருக்கும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். ஒரு தரம் நாணல் பக்கம் நாய் ஒன்றை நெருங்க விட்டுப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன், நெருங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆண் வாத்து தலையைத் தாழ்த்தி, கழுத்தைத் தரையோடு நீட்டி, சீறிக்கொண்டு வந்து, இறக்கை முட்டியால் அடித்த அடியில் நாய் ஊளையிட்டு ஓடியது. குஞ்சு பொரித்த பிறகு குடும்பத்தின் வரிசையில் பெரும்பாலும் தாய் முன்னால், குஞ்சுகள் நடுவில், இது கடைசியில் வரும். கோடையில் பெற்றோர் இரண்டுக்கும் பறக்கும் இறகுகள் ஒரேயடியாக உதிர்ந்துவிடும். ஏறக்குறைய ஒரு மாதம் பறக்கவே முடியாது. அந்த நாட்களில் குஞ்சுகளை விட்டுப் பறந்து தப்பிக்கும் வழி அதற்கும் இல்லை.

கேள்வி: கடவுள் ஏன் இப்படிப் படைத்தார்?

1860ல் சார்லஸ் டார்வின் தன் நண்பரான அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில் இதையேதான் கேட்டார். உயிருள்ள புழுவுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்னும்படி தன் குஞ்சுகளை விடும் குளவியை, கருணையுள்ள ஒருவர் திட்டமிட்டுப் படைத்தார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். அதே கடிதத்தில், இந்த விஷயம் மனித அறிவுக்கு எட்டாத ஆழம் என்றும் எழுதினார். விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் என்னால் எப்படி என்பதைச் சொல்ல முடியும். ஏன் என்ற கேள்வியை உங்களிடமே விடுகிறேன்.

கேள்வி: குஞ்சுகளுக்கு பிரெட் போடலாமா?

வேண்டாம். வயிறு நிறையும், வளரும் எலும்புக்கும் இறகுக்கும் வேண்டிய சத்து கிடைக்காது. மீந்தது தண்ணீரைக் கெடுக்கும். கையில் தீனி தேடும் பறவை மனிதனையும் நாயையும் ஒன்றாக நம்பும். நல்லது செய்ய ஆசை என்றால் கரையில் கிடக்கும் தூண்டில் நரம்பையும் முள்ளையும் பொறுக்குங்கள். காலில் நரம்பு சுற்றி, ரத்த ஓட்டம் நின்று, பாதம் கறுத்துப்போன குஞ்சை நான் பார்த்திருக்கிறேன். நரியிடமிருந்து காப்பாற்ற நமக்கு உரிமை இல்லை என்று நினைப்பவள்தான் நான். நம் குப்பையிலிருந்து காப்பாற்றுவது நம் கடமை.

கேள்வி: கூட்டை இழந்த ஜோடி மறுபடி முட்டையிடுமா? அடுத்த வருடம் அதே குளத்துக்கு வருமா?

முட்டை இட்டுக்கொண்டிருக்கும்போதோ, அடை தொடங்கிய புதிதிலோ போயிருந்தால் சில ஜோடிகள் இரண்டாவது முயற்சி செய்யும், முட்டை குறைவாக இருக்கும். முதல் கடிதத்துப் பெட்டையைப் போல மூன்று வாரம் தாண்டி இழந்தால் உடம்பில் சத்தும் இருக்காது, பருவமும் போயிருக்கும். ஆர்க்டிக் வாத்துகளுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வாய்ப்பு கிடையாது, கோடை அவ்வளவு குறுகியது.

வருவதற்கு வாய்ப்பு நிறைய இருக்கிறது. பெட்டைகள் தாங்கள் பிறந்த வட்டாரத்துக்கே திரும்பும். குஞ்சு பொரித்த இடம் என்றால் அதே மேட்டிலேயே கட்டும். இழந்த இடமென்றால் கொஞ்சம் தள்ளி, முடிந்தால் தண்ணீர் சூழ்ந்த திட்டாகப் பார்த்துப் போகக்கூடும். தள்ளி நின்று தொலைநோக்கியில் பாருங்கள். கழுத்தைத் தரையோடு ஒட்டிப் படுத்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், வந்த வழியே பின்வாங்குங்கள். பெட்டை எழுந்திருக்காமல் உட்காரத் தொடங்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 25 நாள் எண்ணி, அன்றிலிருந்து தினமும் விடியும்போதே போய்விடுங்கள். பொரித்த குஞ்சுகள் கூட்டில் ஒரு நாளுக்கு மேல் இருக்காது, தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.